சுமலதா வண்டி

சுமலதாவுக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவள் அப்பா வெங்கடாசலம் பெண் பார்க்க வந்தவர்களிடமே சொல்லிவிட்டார். பின்னால் ஏமாற்றிவிட்டோம் என்று யாரும் பேசக்கூடாதல்லவா? மாப்பிள்ளை கலைவாணன் அதைக் கேட்டுச் சிரித்தான். சிரித்ததற்கு இன்றுவரை அனுபவிக்கிறான். சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடியே சாப்பிடுகிற மனைவியோடு குடும்பம் நடத்துவதென்றால் சும்மாவா! அவன் மாங்கூழ் ஃபாக்டரியில் கணக்கு எழுதுகிறவன், நிதானமான ஆள். அவளை உட்காரச் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டான்.

அப்படிப்பட்டவளுக்குக் கார் விற்கிற வேலை அமைந்தது நல்ல பொருத்தம்தான். தர்மபுரியில் சேலம் போகிற சாலையில் ராஜா என்பவருடைய பெரிய கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது. ஹெல்மார் என்ற கம்பெனியின் கார்களை அங்கே விற்கிறார்கள். கம்பெனி ஒன்றுதான், பெயர்கள் மூன்று. முதல் தடவையாகக் கார் வாங்குகிறவனுக்கு டிக்கா. பிள்ளைகுட்டியோடும் மூட்டைமுடிச்சோடும் போகிறவனுக்கு லூமன். பணத்தை என்ன செய்வதென்று தெரியாதவனுக்கு ஆர்வில். ஒவ்வொன்றுக்கும் தனி நிறத்தில் கூடம், தனி வாசல், ஊழியர்களுக்குத் தனி நிறத்தில் சட்டை. ஒரு கூடத்துக்குள் வந்தவரிடம் பக்கத்துக் கூடத்துக் காரைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்பது கம்பெனி சட்டம். டிக்கா வாங்கியவன் கொஞ்ச வருடத்தில் லூமனுக்கு வரவேண்டும், லூமன்காரன் தலை நரைப்பதற்குள் ஆர்வில் வாசலை மிதிக்க வேண்டும். இதுதான் அவர்கள் போட்டு வைத்த ஏணி. பின்பக்கம் போய்ப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே பட்டறை, ஒரே ஆயில் பீப்பாய், ஒரே டீ மாஸ்டர். வாடிக்கையாளர் கண்ணில் அது படாமலிருக்க நடுவில் ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள்.

சுமலதா லூமன் கூடத்துக்காரி. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்து, ஃபோன் எடுக்கிற பெண்ணாகச் சேர்ந்தவள். ஃபோனுக்குப் பக்கத்தில் உட்கார முடியாமல், கூப்பிட்ட ஆட்களின் வீட்டுக்கே கிளம்பிப் போக ஆரம்பித்தாள். அங்கேதான் அவள் தொழிலே பிடிபட்டது. எங்கள் பக்கத்தில் எவனும் தனியாக வந்து கார் வாங்குவதில்லை. அண்ணன், மச்சினன், தாய்மாமன், பக்கத்துக் காட்டுக்காரன் என்று ஒரு கூட்டமே வந்து கதவைத் தட்டிப் பார்க்கும், டயரை உதைத்துப் பார்க்கும், ஒன்றும் சொல்லாமல் டீ குடித்துவிட்டுப் போய்விடும். முடிவெல்லாம் வீட்டில் நடக்கும். அந்த வீட்டுக்குள் சுமலதா நுழைந்தாள்.

நுழைந்ததும் அவள் காரைப் பற்றிப் பேசமாட்டாள். "எந்த ஊருங்க உங்களுக்கு? அங்க யாரு வூடு?" என்று ஆரம்பிப்பாள். பேச்சு சுற்றி வளைத்துப் போய் எங்கேயோ ஒரு கல்யாணத்தில், ஒரு பந்தக்காலில் முட்டும். அது போதும். முறை வைத்துவிடுவாள். வத்தல்மலையில் சாமையும் பலாவும் விளைவிக்கிற சின்னன் அவளுக்கு மாமா, அவர் மனைவி குள்ளம்மாள் அத்தை. பாப்பிரெட்டிப்பட்டியில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிற ராமக்கா அக்கா. அரூரில் கட்டில் மெத்தை விற்கிற நூர் பாஷா அண்ணன். ஒரு தடவை வைத்த முறையை அவள் மாற்றியதே கிடையாது. ராமக்காவின் புருஷன் ஒருமுறை அவளைக் கண்டபடி திட்டினபோதுகூட "பேசுங்க மச்சான், பேசி முடிங்க" என்றுதான் நின்றாளாம்.

முறை வைத்தபின் பொய் சொல்ல முடியாது. அதுதான் அதிலுள்ள தொல்லை. யாருக்கு எந்த வண்டி என்பதை அவள் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் சொல்வாள். டவுனுக்குள்ளேயே சுற்றுகிறவர் லூமன் கேட்டு வந்தால், கம்பெனி சட்டத்தைக் காற்றில் விட்டு, பக்கத்துக் கூடத்து டிக்காவுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடுவாள். மலைக்காரர்களுக்கு மட்டும் லூமன்தான். புதிய டிக்கா வந்தபோது அதில் ஆட்களை அடைத்துக்கொண்டு அவளே வத்தல்மலை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். பாதி வளைவு தாண்டுவதற்குள் இன்ஜின் கொதித்து, வண்டி பின்னால் நகர ஆரம்பித்துவிட்டது. ஒரு கல்லை உருட்டிச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்துத்தான் பிழைத்தார்கள். சமதரையில் தங்கமான வண்டி, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஏற்றத்துக்குப் பிறந்த வண்டி இல்லை, அவ்வளவுதான்.

காலப்போக்கில் ஒரு வேடிக்கை நடந்தது. லூமன் என்கிற பெயர் ஜனங்கள் வாயில் நுழையவில்லை. நுழைந்தாலும் அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. "என்ன வண்டி வாங்கியிருக்க?" என்று கேட்டால் "சுமலதா வண்டி" என்றார்கள். லூமனும் சுமலதா வண்டி, அவள் சொல்லி வாங்கிய டிக்காவும் சுமலதா வண்டி. தீர்த்தமலை அடிவாரத்தில் புது வண்டிக்குப் பூஜை போடுகிற ஐயருக்குக்கூட அந்தப் பெயர்தான் தெரியும்.

போன சித்திரையில் கம்பெனிக்காரர்கள் மாவட்டம் முழுக்க ஆள் விட்டு ஒரு சர்வே எடுத்தார்கள். அடுத்தது எந்தக் கம்பெனி கார் வாங்குவீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டிருக்கிறார்கள். கேட்க வந்தவர்கள் வெளியூர்ப் பிள்ளைகள், சொன்னதை அப்படியே டேப்லெட்டில் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். புனேயில் தலைமை ஆபீஸில் அதைக் கூட்டிப் பார்த்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. தர்மபுரி மாவட்டத்தில் சுமலதா என்றொரு கார் கம்பெனி முளைத்திருக்கிறது, நம்மையெல்லாம் முந்திக்கொண்டு நிற்கிறது, நமக்குத் தகவலே இல்லையே! யார் அவர்கள், சீனாவா கொரியாவா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்களாம்.

கடைசியில் விசாரிக்க வந்தவள் பிரியங்கா. சென்னைப் பெண், கம்பெனியின் பிராண்ட் பிரிவில் பெரிய பொறுப்பு. காரை விட்டு இறங்கியதும் ராஜாவிடம் சுமலதா கம்பெனியின் ஷோரூம் எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டாள். டீ வாங்கிக்கொண்டு குறுக்கே போய்க்கொண்டிருந்த சுமலதாவை ராஜா காட்டினார்.

சுமலதாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்று சாயங்காலம் கலைவாணனிடம் அந்தக் கதையை நடந்துகொண்டே பலமுறை சொன்னாள். புனேயில் தன் பெயரைப் பெரிய திரையில் போட்டிருந்தார்கள் என்பதை மட்டும் நின்று சொன்னாள்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலைவரைதான். பிரியங்கா அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, கம்பெனி எடுத்திருக்கும் முடிவைச் சொன்னாள். லூமனை நிறுத்தப்போகிறார்கள். லூமனும் டிக்காவும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வந்துவிட்டன. ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஒரே தட்டில் கைவைத்து அடித்துக்கொள்கிற மாதிரி ஒன்றின் வாடிக்கையாளரை மற்றொன்று தின்கிறது. இத்தனை பெயர்களைக் காப்பாற்றக் கம்பெனிக்குத் தெம்பில்லை. இனி கீழே டிக்கா, மேலே ஆர்வில், நடுவில் ஒன்றுமில்லை. லூமன் வைத்திருப்பவர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவதற்குள் அவர்களை டிக்காவுக்கு மாற்றிவிட வேண்டும். பழைய லூமனை எக்ஸ்சேஞ்ச் கொடுத்துப் புது டிக்கா எடுக்கச் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் அவர்கள் நம்புவது லூமனை அல்ல, சுமலதாவை. ஆகவே அவள் குரலில் ஒரு செய்தியைப் பதிவு செய்து எல்லோருக்கும் ஃபோனில் அனுப்புவார்கள். இவ்வளவும் பிரியங்கா பொறுமையாக, மரியாதையாகச் சொன்னாள். கெட்ட பெண் இல்லை அவள். அவள் படித்த படிப்பில் இது நல்ல யோசனை.

சுமலதா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சின்னன் மாமா வீட்டில் ஒரு பிரசவம் என்றாலும் பாம்புக்கடி என்றாலும் அந்த லூமன்தான் மலையிலிருந்து இறங்குகிறது, அதுதான் ஏறுகிறது. அக்கம்பக்கத்து ஜனமெல்லாம் அதில்தான். டிக்காவில் அவ்வளவு பேரை ஏற்றிக்கொண்டு அவர் வளைவில் திணறுவதை அவள் மனக்கண்ணால் பார்த்துவிட்டாள். அங்கே கல் உருட்டிக் கொடுக்க யார் இருப்பார்கள்?

"டிக்கா நல்ல வண்டிதாங்க. டவுனுல ஓட்டறவங்களுக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன். மலையில இருக்கறவங்களுக்குச் சொல்ல எனக்கு நாக்கு வராதுங்க" என்றாள்.

"ஆளுக்கு ஒண்ணு சொன்னா அது பிராண்ட் ஆகாதுங்க, சுமலதா. எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான் போகணும்."

"எல்லாருக்கும் ஒரே வண்டி ஒத்து வராதுங்களே."

பிரியங்கா யோசித்துச் சொல்லச் சொன்னாள். யோசிக்க ஒன்றுமில்லை என்று சுமலதா சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ராஜா பின்னாலேயே வந்து, கம்பெனியைப் பகைத்துக்கொண்டு இந்தக் கடையை நடத்த முடியுமா, உனக்கு மேனேஜர் வேலை போட்டுத் தரச் சொல்கிறேன் என்றெல்லாம் நைச்சியமாகப் பேசிப் பார்த்தார். அவள் பிடி கொடுக்கவில்லை. சரி, உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார். அவ்வளவு சுலபமாக விட்டதுதான் அவளை உறுத்தியது. ராஜா எதையும் அப்படி விடுகிற ஆள் இல்லை.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. லூமன் கூடத்தில் பலகையைக் கழற்ற அளவெடுத்துவிட்டுப் போனார்கள். அவளுக்கு டிக்கா சட்டை வந்தது, போட்டுக்கொண்டாள். வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லலாமா என்று ஃபோனை எடுப்பாள், கம்பெனி அறிவிக்கும்வரை வாய் திறக்கக்கூடாது என்ற கட்டளை நினைவுக்கு வரும், வைத்துவிடுவாள். வேலையும் வேண்டும், ஜனமும் வேண்டும் என்று இருந்தாள் பாவம். யார்தான் அப்படி இல்லை? எப்படியும் தான் சொல்லாமல் அவர்கள் வண்டியை மாற்றமாட்டார்கள் என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல்.

ஆனி பிறந்த வாரத்தில் ராமக்காவின் ஃபோன் வந்தது. எடுத்ததுமே அழுகை.

"ஏன்டி, நான் உனக்கு மேடமா?"

சுமலதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னக்கா, யாரு சொன்னா என்று கேட்டாள்.

"நீதான்டி. காலைல ஒரு தடவ, பொழுதோட ஒரு தடவ. வணக்கம் ராமக்கா மேடம்ங்கற. நான் பாட்டுக்கு ஏன்டி இப்படிப் பேசற, என்ன ஆச்சு உனக்குன்னு கேட்டுனே இருக்கறேன், காதுல வாங்காம டிக்கா டிக்கான்னு நீ பாட்டுக்குப் பேசினே போற. நான் என்னடி தப்பு பண்ணேன்?"

தான் பேசவே இல்லை என்று சுமலதா சொல்லச் சொல்ல, உன் குரல் எனக்குத் தெரியாதா என்று ராமக்கா இன்னும் அழுதாள். பாதியில் வைத்துவிட்டாள்.

கையில் ஃபோனை வைத்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்த சுமலதாவுக்கு அடுத்த கொஞ்ச நேரத்திலேயே பதில் கிடைத்தது. அவளிடமும் ஒரு பழைய லூமன் உண்டு. வாடிக்கையாளர் வரிசையில் அவள் பெயரும் இருந்தது. தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வர, எடுத்துக் காதில் வைத்தாள்.

"வணக்கம் சுமலதா மேடம்! நான் உங்க சுமலதா பேசறேன்."

அவள் குரல்தான். இழுத்துப் பேசுகிற 'வணக்கம்' முதற்கொண்டு அவளேதான். லூமன் இனி வராது, நானே சொல்கிறேன், நம்பி டிக்காவுக்கு மாறுங்கள், சம்மதம் என்றால் ஒன்றை அழுத்துங்கள் என்று அவளே அவளிடம் சொன்னாள். கேட்கக் கேட்க உடம்பு கூசியது. தன் புடவையை வேறொருத்தி கட்டிக்கொண்டு தன் வீட்டுக்குள்ளேயே நடமாடுகிற மாதிரி இருந்தது.

ராஜாவின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள். அவர் தலையை நிமிர்த்தவில்லை. கடை ஃபோனில் அவள் இத்தனை வருடமாகப் பேசியதெல்லாம் பதிவாகித்தானே இருக்கிறது, அதை வைத்துக் கம்ப்யூட்டர் குரல் செய்துகொண்டது, வேலை நேரத்தில் பேசியது கம்பெனிக்குச் சொந்தம் என்று வக்கீல் சொல்லிவிட்டார் என்றார். ஒரு முடிவும் சொல்லாதவர்களை அது விடாமல் கூப்பிடும், யாரும் தனியாக உட்கார்ந்து பேசவேண்டியதில்லை என்பதையும் ஏதோ நல்ல செய்தி போலச் சொன்னார்.

"என் பேருங்க அது" என்றாள் சுமலதா.

"உன் பேருக்குக் கெடுதல் ஒண்ணும் பண்ணலையேம்மா. இந்த வாரம் மட்டும் எத்தன பேரு வந்துட்டாங்க பாரு!"

அவள் எட்டிப் பார்த்தாள். பட்டறைக்குப் பக்கத்தில் கைமாறி வந்த லூமன்கள் நின்றிருந்தன. அவற்றில் நூர் பாஷா அண்ணனுடையதும் ஒன்று. பின்கண்ணாடியில் கட்டில் படம் ஒட்டிய வண்டி வேறு யாருடையது? ஓடிப்போய் அவருக்கு ஃபோன் செய்தாள். மெத்தைகளை டிக்காவுக்குள் திணிக்க முடியவில்லையாம், வெல்டிங் வைக்கிற தாரிக்கிடம் சொல்லி மேலே கம்பி அடித்துக்கொள்ளப் போகிறாராம். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்மா. என்னவோ சாருன்னு கூப்ட்ட, அதுதான் மனசுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சி" என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதாள்.

பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள். அது நான் இல்லை, வண்டியை மாற்றாதீர்கள் என்றாள். பாதிப் பேர் குழம்பிப்போனார்கள். நேற்று மாற்றச் சொன்னதும் அதே குரல், இன்று வேண்டாம் என்பதும் அதே குரல், எதைக் கேட்பது? ஒரு வீட்டில் "நீங்க எந்த சுமலதா?" என்றே கேட்டுவிட்டார்கள். ஃபோனில் பேசுவது இனி வீண் என்று அப்போதுதான் உறைத்தது. நேரில் போய் நிற்க வேண்டும். அதிலும் முதலில் சின்னன் மாமா. அவரை ஃபோனில் பிடிக்க முடியாது, மலைமேல் அவர் வீட்டில் சிக்னல் கிடையாது. இறங்கி வருகிற நாட்களில்தான் அவர் ஃபோனுக்கு உயிர் வரும்.

சின்னன் வெள்ளிக்கிழமை ராகு காலம் கழித்து வண்டியை எக்ஸ்சேஞ்ச் கொடுக்க வருவதாக டிக்கா கூடத்தில் சொல்லி வைத்திருக்கிறார் என்று தெரிந்ததே வெள்ளிக்கிழமை காலையில்தான். சுமலதா டிக்கா சட்டையின் மேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வாசலில் ராஜா மறித்தார். இப்போது போனால் திரும்பி வரவேண்டாம் என்றார். சரிங்க என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவரிடம் நின்று பேச அவளுக்குப் பொறுமையில்லை.

மலையடிவாரம் வருவதற்குள்ளேயே உச்சிப்பொழுது நெருங்கிவிட்டது. ராகு காலம் முடிந்திருக்கும். ஒருவேளை முன்னாலேயே இறங்கிவிட்டாரோ, எதிரே வந்த வண்டிகளில் கவனிக்காமல் விட்டுவிட்டேனோ என்று ஒவ்வொரு வளைவிலும் மனசு அடித்துக்கொண்டது. அவளுடைய பழைய லூமன் முனகினாலும் ஏறிக்கொண்டேயிருந்தது.

மேலேயிருந்து ஒரு ஹாரன் கேட்டது. அடுத்த வளைவில் சின்னனின் லூமன் மெல்ல இறங்கி வந்தது. முன்னால் சாமந்தி மாலை, உள்ளே வீட்டு ஜனமெல்லாம், பின்கண்ணாடியை மறைத்துக்கொண்டு பலாப்பழங்கள். சுமலதா தன் வண்டியைப் பாறையோரம் ஒதுக்கிவிட்டு இறங்கி ஓடி, நடுச்சாலையில் கையை விரித்து நின்றாள்.

சின்னன் நிறுத்திவிட்டு இறங்கினார். எப்போதும் பார்த்ததும் வாய் கொள்ளாமல் சிரிக்கிற மனிதர், தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்க மேடம்."

வண்டிக்குள்ளிருந்த குள்ளம்மாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மாமா, வண்டிய குடுக்காதீங்க. டிக்கா இந்த ஏத்தத்துல ஏறாது. நான் ஏத்திப் பாத்திருக்கேன்."

"நீங்கதான மாத்தச் சொன்னீங்க?"

அது நானில்லை, கம்ப்யூட்டர் என் குரலைச் செய்து பேசுகிறது என்று மூச்சு வாங்கச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கே அது கட்டுக்கதை மாதிரி இருந்தது. சின்னன் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். கம்ப்யூட்டர் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் மனசில் இருந்தது வேறு.

"சந்தைக்கு எறங்கன அன்னிக்கி சாருன்னு கூப்ட்டீங்க. வூட்டுல வந்து சொன்னேன். நாம என்னமோ தப்பாப் பேசிட்டம், புள்ள முறைய முறிச்சிக்கிச்சின்னு எங்க வூட்டுக்காரி ரெண்டு நாளா சரியா சோறு திங்கல. வண்டி நல்லாத்தான் ஓடுது. மாத்தணும்னு எங்களுக்கு என்ன? நீங்க சொன்னபடி செஞ்சிட்டா உங்க கோவம் போயிரும்னுதான் கெளம்பனோம். பழமும் உங்களுக்குத்தான்."

சுமலதா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அந்த வளைவு மலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த இடம். மேலேயிருந்து இறங்கினால் அங்கேதான் ஃபோன் பிடிக்கும். சின்னனின் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. எடுத்து, காது சற்று மந்தமென்பதால் வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம் சின்னன் சார்! நான் உங்க சுமலதா பேசறேன்."

குள்ளம்மாள் வண்டியை விட்டு இறங்கி வந்து, ஃபோனையும் சுமலதாவின் பொத்திய வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். ஃபோன் பேசிக்கொண்டே போனது. சின்னன் அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"ஏம்மா, நான் உனக்கு என்ன முறை?"

லூமன் இனி வராது, நானே சொல்கிறேன் என்றது அது.

"அதக் கேக்கலம்மா. நான் உனக்கு என்ன முறைன்னு கேட்டேன்."

நம்பி டிக்காவுக்கு மாறுங்கள் சார், சம்மதம் என்றால் ஒன்றை அழுத்துங்கள் என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஒன்றை அழுத்தச் சொன்னது. சின்னன் ஃபோனை அணைத்துப் பையில் போட்டார்.

"முறை தெரியாதவகிட்ட நமக்கு என்ன பேச்சு" என்று மனைவியிடம் சொன்னார்.

குள்ளம்மாள் சுமலதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இதனால் உனக்கு வேலை போய்விடுமா என்று கேட்டாள். காலையிலேயே போய்விட்டது அத்தை என்றாள் சுமலதா. சொன்னபிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. இனி ராமக்கா வீட்டுக்கும் மற்ற எல்லா வீட்டுக்கும் போகவேண்டும், சம்பளம் இல்லாமல், சொந்த பெட்ரோலில், அந்தக் குரலை முந்திக்கொண்டு. நூர் பாஷா அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. கால்கள் அதற்குள் பரபரத்தன.

சின்னன் ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டார். அந்தக் குறுகிய வளைவில் வண்டியைத் திருப்ப வேண்டும். பின்னால் தடுப்புச்சுவர் இடிந்து கிடந்தது, அதற்கப்பால் பள்ளம். பலாப்பழங்களும் பிள்ளைகளின் தலைகளும் மறைத்ததில் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை.

"பின்னால நின்னு சொல்லு புள்ள" என்றார்.

சுமலதா பள்ளத்தோரம் போய் நின்றாள். "வரட்டும் மாமா, வரட்டும்" என்றாள். வண்டி பின்னால் வந்தது. "வரட்டும், இன்னும் கொஞ்சம் வரட்டும், போதும் மாமா." சின்னன் தலையை வெளியே நீட்டிப் பார்க்கவில்லை. அவள் சொன்ன இடத்தில் நிறுத்தினார்.